சண்டையில் பட்ட காயம், தாளில் ஏறாத கணக்கு: முன்னாள் படைவீரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

65, 71 போர்கள், இலங்கை, சியாச்சின், கார்கில், காஷ்மீர் என்று எங்கே போயிருந்தாலும், காயத்தோடு ஊர் திரும்பி இருபது முப்பது வருடம் கழித்து வந்து கேட்பவர்களின் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். தரைப்படை ஜவான்களையும் ஜே.சி.ஓ.க்களையும் (சுபேதார் போன்ற ஜூனியர் கமிஷன்டு ஆபீசர்கள்) மனதில் வைத்து எழுதியது இது. கடற்படை, விமானப்படை, துணை ராணுவம் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறோம்.

1. எனக்குக் குண்டு பட்டது உண்மை. வெளியே வந்து 30 வருஷம் ஆச்சு. இப்போ போய்க் கேட்டா கொடுப்பாங்களா?

கேட்கலாம். பென்ஷன் என்பது மாதா மாதம் வரவேண்டியது. வராத ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு பாக்கி விழுகிறது. அதனால் தாமதமாக வந்தார் என்ற ஒன்றை மட்டும் சொல்லி உரிமையையே மறுக்க முடியாது. தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். 1983-ல் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்ட அந்தப் படைவீரர் 1999-ல்தான் நீதிமன்றம் போனார். பென்ஷன் கிடைத்தது, அடி வாங்கியது பழைய நிலுவை மட்டும். அந்தக் கணக்கு 15-ம் கேள்வியில் வருகிறது.

வருடங்கள் ஓடியது உங்களைத் தடுக்காது. தடுப்பது காகிதம். காயம் பட்ட முதல் சில நாட்களில் யூனிட்டும் ஆஸ்பத்திரியும் என்ன எழுதினார்கள் என்பதை வைத்தே எல்லா முடிவும் எடுக்கப்படுகிறது. இப்போது உங்கள் வேலை அந்தக் காகிதத்தையோ, அதன் நகல் தங்கியிருக்கும் வேறு இடத்தையோ கண்டுபிடிப்பது.

2. அங்கீகாரம்னு சொல்றீங்களே, அது மெடலா, பணமா?

மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, உங்கள் பதிவேட்டில் "பேட்டில் கேஷுவல்ட்டி" (சண்டையில் காயம்பட்டவர்) என்று ஏறுவது. இரண்டு, காயம்பட்டவர்களுக்கான பராக்கிரம பதக்கம், அதாவது வூண்ட் மெடல். மூன்று, வார் இஞ்சுரி பென்ஷன், அதாவது போர்க்காய பென்ஷன். முதலாவது இருந்தால் மற்ற இரண்டுக்கும் வழி திறக்கும். ஆனால் ஒன்று கிடைத்தால் மற்றவை தானாக வந்துவிடாது. மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டே சாதாரண டிசெபிலிட்டி பென்ஷன் வாங்குகிறவர்கள் உண்டு.

எனவே மூன்றையும் தனித்தனியாக, பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். "எனக்கு உரிய சலுகைகள் அனைத்தையும் வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதிய மனுவுக்குப் பொதுவான பதில்தான் வரும்.

3. வூண்ட் மெடல் யாருக்கு? 71-ல போனதுக்கு மெடல் கொடுத்தாங்களே, அது இல்லையா?

இல்லை. பூர்வி ஸ்டார், பஷ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல், கார்கிலுக்கான ஆப் விஜய் ஸ்டார், இலங்கைக்குப் போனவர்களின் ஸ்பெஷல் சர்வீஸ் மெடல் ஆகியவை அந்த இடத்தில், அந்தக் காலத்தில் பணியில் இருந்ததற்காகக் கிடைப்பவை. பராக்கிரம பதக்கம் 1973-ல் ஏற்படுத்தப்பட்டது. எதிரியின் நேரடித் தாக்குதலில், அல்லது கிளர்ச்சி ஒடுக்கும் நடவடிக்கையில் அப்படிப்பட்ட தாக்குதலில் காயம் பட்டவர்களுக்கு உரியது. எதிரி சுட்டு அழித்த விமானத்திலிருந்து குதிக்கும்போது அடிபட்ட விமானப்படையினருக்கும் உண்டு. வெள்ளை ரிப்பன், நடுவில் சிவப்புக் கோடு.

இது வீரப் பதக்கம் அல்ல. மாதப் பணம் எதுவும் கூட வராது. ஆனாலும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள் பலர், அதில் தவறே இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 1-ம் பதிலில் சொன்ன "மாதா மாதம் புதுப் பாக்கி" வாதம் மெடலுக்குப் பொருந்தாது, ஏனென்றால் அது ஒருமுறை கொடுப்பது. அதனால் மெடல் கோரிக்கை முழுக்க முழுக்க ஆவணத்தின் பலத்தில் நிற்க வேண்டும்.

4. பேட்டில் கேஷுவல்ட்டி, பிசிக்கல் கேஷுவல்ட்டி: ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? காயம் காயம்தானே?

உடம்புக்கு ஒன்றுதான், கணக்குக்கு வேறு. சண்டையிலோ அதற்கு ஈடாக ஏற்கப்பட்ட நிலைமையிலோ பட்டால் பேட்டில் கேஷுவல்ட்டி. மற்ற பணிநேர விபத்து, நோய் எல்லாம் பிசிக்கல் கேஷுவல்ட்டி. தரைப்படையில் இதை வகைப்படுத்த இப்போது அடிப்படையாக இருப்பது 2003-ம் ஆண்டின் முதல் ஆர்மி ஆர்டர். காயம் பட்டதும் யூனிட் ஒரு சிக்னல் (அவசரச் செய்தி) அனுப்பும்; பிறகு அதைப் பதிவேட்டில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டர் வெளியாகும். அந்த ஆர்டரில் எந்தச் சொல் ஏறியதோ அதுதான் கடைசி வரை கூட வரும்.

கோளாறு பெரும்பாலும் இங்கேதான். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது யூனிட் கிளார்க்கும் ஓடிக்கொண்டுதான் இருந்திருப்பார். சிக்னலில் "பேட்டில்" என்று போய், பார்ட் டூ ஆர்டர் வெளியாகாமல் விட்டுப்போனது உண்டு. லேசான காயம் என்று ரெஜிமென்டல் எய்ட் போஸ்டில் கட்டுப் போட்டுத் திருப்பி அனுப்பியதால் சிக்னலே போகாததும் உண்டு. பார்ட் டூ ஆர்டர் சரியாக இருந்தும், பென்ஷன் தாள் தயாரித்தபோது யாரும் அதைப் பார்க்காமல் போன வழக்குகளும் இருக்கின்றன. உங்கள் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுந்தது என்று தெரிந்த பிறகே மனு எழுத உட்காருங்கள்.

5. என் பி.பி.ஓ.வில (பென்ஷன் பேமென்ட் ஆர்டர்) டிசெபிலிட்டி எலிமென்ட்னு போட்டு பணம் வருது. அது போதாதா? வார் இஞ்சுரின்னு மாத்தினா என்ன கூடும்?

நிறையக் கூடும். இரண்டு பென்ஷனிலும் பணிக்காலத்துக்கான சர்வீஸ் எலிமென்ட் என்ற பகுதி உண்டு. அதன் மேல் ஏறும் பகுதிதான் வேறுபடுகிறது. 100 சதவீத ஊனத்துக்கு டிசெபிலிட்டி எலிமென்ட் கணக்கில் எடுக்கும் சம்பளத்தில் 30 சதவீதம். வார் இஞ்சுரி எலிமென்ட், காயத்தோடு பணியில் தொடர்ந்து முறைப்படி வெளியே வந்தவருக்கு 60 சதவீதம். காயத்தால் போர்டு அவுட் ஆனவருக்கு, அதாவது மெடிக்கல் போர்டு தகுதியில்லை என்று வெளியே அனுப்பியவருக்கு, முழுச் சம்பளம். ஊனம் குறைவானால் அதே விகிதத்தில் குறையும்.

சம்பளம் 30,000 ரூபாய், கணக்கில் எடுக்கும் ஊனம் (15-ம் பதிலில் வரும் மேல்நோக்கிய நகர்த்தலுக்குப் பிறகு) 50 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். டிசெபிலிட்டி எலிமென்ட் 4,500. வார் இஞ்சுரி என்றால் முறைப்படி வந்தவருக்கு 9,000; போர்டு அவுட் ஆனவருக்கு 15,000. அகவிலை நிவாரணம் இதற்கு மேல். போர்டு அவுட் ஆனவருக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது: அந்த ரேங்கில் இயல்பாக ஓய்வு பெறும் நாள் வரை வேலை பார்த்ததாக எண்ணிக்கொண்டு சர்வீஸ் எலிமென்டைப் போடுவார்கள். ஆறு வருட சர்வீஸில் காலை இழந்த சிப்பாய்க்கு இது பெரிய தொகை.

இந்த விகிதங்கள் பாதுகாப்பு அமைச்சகத்தின் 2001 ஜனவரி 31 கடிதத்திலிருந்து வருபவை; 1996 ஜனவரி 1 முதல் பொருந்தும். அதற்கு முன்பு வந்தவர்களுக்கும் பின்னால் வந்த உத்தரவுகள் வழியே திருத்தம் உண்டு. 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள், சொற்களும் புதியவை. அவர்கள் இந்தப் பக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

6. என்னென்ன பேப்பர் வேணும்? என்கிட்ட டிஸ்சார்ஜ் புக் மட்டும்தான் இருக்கு.

டிஸ்சார்ஜ் புக் நல்ல ஆரம்பம். அதில் மெடல் பக்கத்தையும், வெளியேறிய காரணத்தையும், மெடிக்கல் கேட்டகிரியையும் முதலில் பாருங்கள். உங்கள் ஆவணங்கள் நான்கு விஷயங்களை ஒன்றோடொன்று கோக்க வேண்டும்: எந்த ஆபரேஷன், எந்தத் தேதி, என்ன காயம், இப்போது எவ்வளவு ஊனம். முதல் மூன்றுக்கும் கேஷுவல்ட்டி சிக்னலும் பார்ட் டூ ஆர்டரும் தங்கம். நான்காவதுக்கு, வெளியேறும்போது நடந்த மெடிக்கல் போர்டின் தாள், ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16 என்று எண் இருக்கும். அதில் காயம் எங்கே, எப்படி வந்தது, பணியால் வந்ததா, எத்தனை சதவீதம் என்று டாக்டர்கள் எழுதியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரித் தடம் தனியாக ஓடுகிறது. எய்ட் போஸ்ட், அட்வான்ஸ்டு டிரெஸ்ஸிங் ஸ்டேஷன், ஃபீல்டு ஆஸ்பத்திரி, பிறகு எம்.எச். (மிலிட்டரி ஹாஸ்பிட்டல்) அல்லது கமாண்ட் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு இடத்திலும் அட்மிஷன் புத்தகத்தில் ஒரு வரியாவது விழுந்திருக்கும். கை கால் இழந்து புனே செயற்கை உறுப்பு மையத்துக்குப் போனவர்களுக்கு அங்கேயும் ஒரு கோப்பு உண்டு.

வீட்டிலும் தேடுங்கள். ரெக்கார்டு ஆபீஸ் (ரெஜிமென்டின் பதிவேடுகளை வைத்திருக்கும் அலுவலகம்) குடும்பத்துக்கு அனுப்பிய "காயமடைந்தார்" தந்தி பல வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் போட்ட இன்லண்ட் லெட்டர், 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ராணுவத் தபால் நிலையம்) முத்திரையும் தேதியும் தெரிந்தால், சாதாரணக் காகிதமல்ல. அந்தக் காலத்துக் கடிதத்தை லேமினேஷன் பண்ணிவிடாதீர்கள். மூலத்தைக் காட்டச் சொல்லும்போது சிக்கல்.

7. யாருக்கு எழுதணும்? கலெக்டருக்கா, டெல்லிக்கா?

இரண்டுக்கும் வேண்டாம். உங்கள் ரெஜிமென்ட் அல்லது கோரின் ரெக்கார்டு ஆபீஸுக்கு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு (எம்.இ.ஜி.) பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு (எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்ஸ்) செகந்திராபாத், ஏ.எம்.சி.க்கு (ஆர்மி மெடிக்கல் கோர்) லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்கூர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ், விமானப்படை வீரர்களுக்கு டெல்லி சுப்ரதோ பார்க் ரெக்கார்டு ஆபீஸ்.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் (இன்னும் பலரும் சைனிக் போர்டு என்றுதான் சொல்கிறார்கள்) மனுவை எழுத உதவுவார்கள், மேலொப்பம் போட்டு அனுப்பவும் செய்வார்கள். முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ரெக்கார்டு ஆபீஸ் ஏற்றுக்கொண்டால் பிரயாக்ராஜ் (பழைய அலகாபாத்) பி.சி.டி.ஏ. பென்ஷன் அலுவலகம் (பாதுகாப்புக் கணக்குத் துறையுடையது) திருத்திய பி.பி.ஓ. போடும், ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் தளத்தில் அது தெரியும். ஸ்பர்ஷில் மட்டும் புகார் போட்டுவிட்டு உட்கார்ந்தால் வேலை ஆகாது. அது பணம் கொடுக்கும் இடம். காயத்தை வகைப்படுத்தும் இடம் அல்ல.

8. மனுவில என்ன எழுதினா எடுபடும்?

ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. மேலே சர்வீஸ் நம்பர் (முன்னும் பின்னும் வரும் எழுத்தோடு), ரேங்க், பெயர், யூனிட், பி.பி.ஓ. எண். அடுத்து, காயம் பட்ட தேதி, இடம், ஆபரேஷன் பெயர், எந்தக் கம்பெனி, என்ன ஆயுதம், உடம்பில் எந்தப் பாகம், எங்கெங்கே சிகிச்சை. தேதி சரியாக நினைவில்லை என்றால் "டிசம்பர் முதல் வாரம்" என்று எழுதுங்கள். உத்தேசமாக ஒரு தேதியைத் திட்டவட்டமாகப் போடாதீர்கள். பதிவேட்டில் வேறு தேதி இருந்தால் அந்த ஒரு முரண்பாட்டைக் காட்டியே மொத்த மனுவையும் ஒதுக்கிவிட முடியும்.

கடைசியில் கோரிக்கை: 2-ம் பதிலில் உள்ள மூன்றில் எது எது வேண்டும் என்று வரிசை எண் போட்டு. பென்ஷன் கேட்பவர் "2001 ஜனவரி 31 கடிதத்தின் கேட்டகிரி 'ஈ'யின் கீழ்" என்று சேர்க்க வேண்டும் (அது போர்க்காயங்களுக்கான வகை; 13-ம் பதிலில் வருகிறது). நாட்டுக்காக ரத்தம் சிந்தியதைப் பற்றி நான்கு பத்தி எழுதுவதில் பயனில்லை, படிக்கிறவரும் சீருடைக்காரர்தான். ஆங்கிலத்தில் அனுப்புங்கள். ஸ்பீடு போஸ்டில் போட்டு, ரசீதையும் டெலிவரி விவரத்தையும் நகலோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். 14-ம் கேள்வியில் அந்த ரசீதுக்கு வேலை வரும்.

9. ரெக்கார்டுல என் பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் தப்புத் தப்பா இருக்கு. அதனால தள்ளிடுவாங்களா?

தமிழ்ப் பெயர்களுக்கு இது தீராத தொல்லை. மூக்கையா வேறு ஏதோவாகி, இனிஷியல் பின்னால் போய், அப்பா பெயர் குடும்பப் பெயராகி இருக்கும். சர்வீஸ் நம்பர் ஒத்துப்போனால் ஆள் நீங்கள்தான். ஆனாலும் மனுவில் ரெக்கார்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே முதலில் போட்டு, "இப்போது ஆதாரில் இப்படி" என்று அடைப்பில் சேருங்கள். பெயர்த் திருத்தத்தைத் தனி மனுவாக வையுங்கள். காயக் கோரிக்கையோடு கலந்தால், முதலில் பெயரைச் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று இரண்டையும் சேர்த்துத் திருப்பிவிடுவார்கள்.

10. "உங்கள் ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன"ன்னு பதில் வந்திருக்கு. கதை முடிஞ்சுதா?

முடியவில்லை. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு விதிப்படி அழிக்கிறார்கள். ஆனால் லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு நிரந்தரமாக வைக்கப்படுவது. அதில் ஒரு ஆளுக்கு ஒன்றிரண்டு வரிதான். அந்த வரியில் வெளியேறிய காரணம் இருக்கும். "காயத்தால் தகுதியிழந்து" என்ற பொருளில் நான்கு சொல் இருந்தாலே உங்கள் வழக்கு உயிர் பெறும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள். பத்து ரூபாய் இந்தியன் போஸ்டல் ஆர்டர், அக்கவுன்ட்ஸ் ஆபீசர் பெயருக்கு. அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. ஆன்லைன் தளத்தில். 500 வார்த்தைக்குள் இருக்கட்டும். லாங் ரோல் பதிவின் நகல், இருந்தால் ஷீட் ரோல் (உங்கள் சர்வீஸ் விவரத் தாள்), குறிப்பிட்ட ஆண்டின் கேஷுவல்ட்டி பார்ட் டூ ஆர்டர், மெடிக்கல் போர்டு தாள் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆவணம் அழிக்கப்பட்டதாகச் சொன்னால் எந்தத் தேதியில், எந்த உத்தரவின் கீழ், அழித்த போர்டின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்றும் கேளுங்கள். "ஏன் எனக்குப் பென்ஷன் தரவில்லை?" என்று கேட்காதீர்கள், அந்தச் சட்டம் இருக்கும் காகிதத்தைத் தரும், விளக்கம் தராது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

யூனிட்டின் வார் டைரியை (போர்க்கால நாட்குறிப்பு) பலரும் நம்புகிறார்கள். அதில் அன்றைக்கு எத்தனை பேர் காயம் என்று இருக்கும், பெயர் இருப்பது அதிர்ஷ்டம். எண்ணிக்கை மட்டும் இருந்தாலும், கீழே சொல்லும் சாட்சிகளோடு சேரும்போது உதவும்.

11. கூட இருந்தவங்க சாட்சி சொன்னா ஏத்துப்பாங்களா? உடம்புக்குள்ள இன்னும் சில்லு இருக்கு, ஸ்கேன் எடுத்துக் கொடுக்கலாமா?

சாட்சி மட்டும் போதாது, ஆனால் ஆவணத்தின் இடைவெளியை அடைக்கும். அதே நாள் அதே பிளட்டூனில் இருந்தவர், நோட்டரி முன் அஃபிடவிட். தன் சர்வீஸ் நம்பர், அன்று தான் எங்கே நின்றார், என்ன கண்டார் என்பது மட்டும் போதும். அவருடைய டிஸ்சார்ஜ் புக் நகலையும் இணையுங்கள், அவர் அந்த இடத்தில் இருந்ததற்கு அது சாட்சி. அன்றைய ஜே.சி.ஓ. அல்லது கம்பெனி கமாண்டர் கிடைத்தால் எடை அதிகம். ஐந்து பேர் ஒரே வாசகத்தில் கையெழுத்துப் போட்டால் எடை குறையும்.

சில்லுக்கு எக்ஸ்ரே அல்லது சி.டி. எடுங்கள். எம்.ஆர்.ஐ. வேண்டாம். இரும்புத் துண்டை அந்தக் காந்தம் இழுக்கும், சூடாக்கும். கண், தண்டுவடம் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. எந்த ஸ்கேனுக்குப் போனாலும் உள்ளே உலோகம் இருப்பதை டெக்னீஷியனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் உலோகத் துண்டின் இடமும் அளவும் எழுதச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதை எக்ஸ்ரே நிரூபிக்கும். எப்போது வந்தது என்பதை நிரூபிக்காது. அதனால் 6-ம் பதிலில் சொன்ன நான்கையும் அது தனியாகக் கோத்துவிடாது.

12. நான் ஷேப் ஒன்-ல (முழு உடல்தகுதி) வெளியே வந்தேன். போர்டே நடக்கலை, பர்சன்டேஜே கிடையாது. எனக்கு என்ன வழி?

கஷ்டமான இடம்தான். காயம் ஆறி, பழைய கேட்டகிரி திரும்பி, முழு சர்வீஸ் முடித்து வந்தவர்கள் நிறையப் பேர். வெளியேறிய நாளில் ஊனம் இல்லை என்று பதிவு சொல்லும்போது, சதவீதம் இல்லாமல் பென்ஷன் கணக்கே போட முடியாது. மெடலுக்கும் பேட்டில் கேஷுவல்ட்டி பதிவுக்கும் இது தடையல்ல, காயம் பட்டது என்பதே அவற்றுக்குப் போதும். அந்த இரண்டையும் முதலில் வாங்கிவிட்டு, அதை ஆதாரமாக வைத்து மெடிக்கல் போர்டு நடத்தும்படி கேளுங்கள். ரெக்கார்டு ஆபீஸ் மறுத்தால், 14-ம் பதிலில் வரும் ஆயுதப் படைத் தீர்ப்பாயம் போர்டுக்கு உத்தரவிட முடியும்.

போர்டுக்குப் போகும்போது வயதால் வந்த மூட்டுவலி, சர்க்கரை எல்லாவற்றையும் காயத்தின் கணக்கில் சேர்க்கப் பார்க்காதீர்கள். காயத்தின் தொடர்ச்சியாக வந்தது எது என்பதை மட்டும், பழைய சிகிச்சைச் சீட்டுகளோடு சொல்லுங்கள்.

13. சுட்டுப் படலை. நம்ம மைன்லயே கால் போச்சு / வண்டி கவுந்துச்சு / பனியில விரல் போச்சு. இதெல்லாம் போர்க்காயமா?

கண்ணிவெடிக்குத் தெளிவான இடம் இருக்கிறது. எல்லைக்கோட்டை ஒட்டிய ஆபரேஷன் பகுதியில் மைன் பதிக்கும்போது, எடுக்கும்போது, கடக்கும்போது வெடித்தால், அது நம்முடையதானாலும் எதிரியுடையதானாலும், கேட்டகிரி "ஈ". எல்லைச் சண்டை, தீவிரவாதிகள் மீதான நடவடிக்கை, வெளிநாட்டு அமைதிப்படைப் பணி, அரசு தனியாக அறிவித்த ஆபரேஷன்கள் எல்லாம் அதே பட்டியலில்தான். பலருக்கும் தெரியாத ஒன்று: உண்மைத் தோட்டாவோடு நடக்கும் பேட்டில் இனாகுலேஷன் பயிற்சியில் பட்ட காயமும் அதில் இருக்கிறது.

வண்டி கவிழ்ந்ததும் பனிக்கடியும் தகராறான இடங்கள். ஆபரேஷன் பகுதியில் பட்ட பனிக்கடி பேட்டில் கேஷுவல்ட்டியாக ஏறியிருந்தும், கணக்கு அலுவலகம் சாதாரண டிசெபிலிட்டி என்று போட்ட வழக்குகள் உண்டு. இப்படி இருந்தால் நீங்கள் புதிதாக எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ராணுவமே போட்ட பதிவை இணைத்து, அதற்கு ஏற்ற பென்ஷன் ஏன் இல்லை என்று கேட்டால் போதும். பதிவே இல்லாத வண்டி விபத்தில், அன்று வண்டி எந்த வேலைக்காக எங்கே போனது என்ற மூவ்மென்ட் ஆர்டரும் விசாரணை அறிக்கையும் இல்லாமல் நகர்த்துவது கடினம். மெஸ்ஸுக்குக் காய்கறி வாங்கப் போன வண்டியும் ரோந்துக்குப் போன வண்டியும் ஒன்றாக எண்ணப்படாது.

14. ரிஜெக்ட் ஆயிடுச்சு. சில பேர் அப்பீல்ங்கிறாங்க, சில பேர் கோர்ட்டுங்கிறாங்க.

மறுப்புக் கடிதத்திலேயே முதல் அப்பீல் எங்கே, எத்தனை நாளுக்குள் என்று இருக்கும். வழக்கமாக ஆறு மாதம். முதல் அப்பீல் கமிட்டி மறுத்தால் இரண்டாவது கமிட்டி. அப்பீலில் புது ஆதாரம் வையுங்கள், பழைய மனுவையே திரும்ப அனுப்பாதீர்கள். மறுப்புக்கு எந்த வரியைக் காரணமாகக் காட்டினார்களோ அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதினாலே பாதி வேலை முடிந்தது.

அதற்குப் பிறகு ஆயுதப் படைத் தீர்ப்பாயம். 2007-ம் ஆண்டுச் சட்டத்தில் உருவாகி 2009-ல் செயல்படத் தொடங்கியது. தமிழ்நாடு, புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னை அமர்வு. இறுதி உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மனு போட்டு ஆறு மாதம் ஆகியும் பதிலே இல்லை என்றால், அடுத்த ஆறு மாதத்துக்குள் நேராகப் போகலாம். 8-ம் பதிலில் சொன்ன ஸ்பீடு போஸ்ட் ரசீது இங்கேதான் பேசும். காலம் கடந்திருந்தால் தாமதத்தை மன்னிக்கும் மனுவைச் சேர்த்துப் போடுவார்கள். பென்ஷன் வழக்குகளில் 1-ம் பதிலில் உள்ள தீர்ப்பு அதற்குத் துணை. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். வீரர்களுக்கு இந்தத் தீர்ப்பாயம் கிடையாது. அவர்களுக்கு அசாதாரண பென்ஷன் விதிகளும் உயர் நீதிமன்றமும்.

15. ஜெயிச்சா அந்த 30 வருஷப் பணமும் வருமா? அப்புறம் 40 பர்சன்ட்டை 50 ஆக்குவாங்கன்னு சொல்றது நிஜமா?

இரண்டாவது நிஜம். 50-க்குக் கீழே இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100 என்று மேல்நோக்கி நகர்த்துவார்கள். முதலில் இது போர்டு அவுட் ஆனவர்களுக்கு மட்டும் என்று இருந்தது. ராம் அவதார் வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் முறைப்படி ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்றது. சாதாரண டிசெபிலிட்டி எலிமென்டுக்கு 20 சதவீதம் குறைந்தபட்சம். 15 முதல் 19 வரை போட்டு வெளியே அனுப்பப்பட்டவர்கள் சுக்விந்தர் சிங் தீர்ப்பை (2014) வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஊனத்துக்காகவே ஒருவரை வெளியேற்றினால் அது 20-க்கு மேல் என்றே கொள்ள வேண்டும் என்கிறது அது. முறைப்படி ஓய்வு பெற்றவருக்கு அந்த வாதம் ஓடாது.

பழைய பணம் தர்சேம் சிங் கணக்குப்படி, வழக்கமாக, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். ஏஜென்டுகள் முப்பது வருடத்துக்கும் பெருக்கிக் காட்டுவார்கள், நம்பி வீட்டுக்குக் கடன் வாங்காதீர்கள். இந்த மூன்று வருடம் ரெக்கார்டு ஆபீஸுக்கு மனு போட்ட நாளிலிருந்து அல்ல, நீதிமன்றத்தில் தாக்கல் செய்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நினைவூட்டல் கடிதமாகப் போட்டுக்கொண்டே நான்கு வருடம் ஓட்டினால் நான்கு வருடப் பணம் உதிர்ந்துபோகும். ஆறு மாதம் காத்திருங்கள், பிறகு தாக்கல் செய்யுங்கள்.

16. அப்பா தவறிட்டாரு. கடைசி வரைக்கும் காலை இழுத்துக்கிட்டுத்தான் நடந்தாரு. அம்மா கேட்கலாமா?

ஊனத்துக்கான பகுதி அவரோடு முடிந்துவிடும். அம்மாவின் பெயருக்கு மாதா மாதம் மாறாது. ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்துக்கு வரவேண்டியிருந்த நிலுவையை வாரிசுகள் கேட்கலாம். வழக்கு நடக்கும்போது இறந்திருந்தால் அம்மா தன்னைச் சேர்த்துக்கொள்ள மனுப் போட வேண்டும். இதில் சுணங்கினால் வழக்கே கலைந்துவிடும். அந்தக் காயமே மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவச் சான்று இருந்தால் சாதாரணக் குடும்ப பென்ஷனுக்குப் பதில் கூடுதலானதைக் கேட்க இடமுண்டு. அதற்கு இறப்புச் சான்றில் உள்ள காரணமும் கடைசி ஆஸ்பத்திரிச் சீட்டும் முக்கியம். "முதுமை" என்று எழுதிவிட்டால் பிறகு திருப்புவது மிகக் கடினம்.

அப்பா மெடல் கேட்காமலே போயிருந்தால், பார்ட் டூ ஆர்டர் இருக்கும் பட்சத்தில் அம்மாவோ பிள்ளைகளோ ரெக்கார்டு ஆபீஸில் கோரலாம். வாரிசுச் சான்று, டிஸ்சார்ஜ் புக் நகல், பார்ட் டூ ஆர்டர் எண், மூன்றும் இருந்தால் மனு அரைப் பக்கம் போதும்.

17. ஒருத்தர் எல்லாத்தையும் முடிச்சுத் தர்றேன், வர்ற பணத்துல 20 பர்சன்ட் கொடுங்கன்னு கேட்கிறாரு. கொடுக்கலாமா?

வேண்டாம். ரெக்கார்டு ஆபீஸ் வரை எதற்கும் கட்டணம் இல்லை, ஆர்.டி.ஐ.க்குப் பத்து ரூபாய். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவது வழக்கறிஞர்களுக்கே விதிப்படி தடை. செலவு செய்ய முடியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேளுங்கள். 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே வீர் பரிவார் சகாயதா யோஜனா என்ற திட்டமும் தொடங்கியிருக்கிறார்கள். யாரிடம் போனாலும் டிஸ்சார்ஜ் புக்கின் மூலத்தைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஸ்பர்ஷ் பாஸ்வேர்டும் ஓ.டி.பி.யும் உங்களிடமே இருக்கட்டும்.